பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறவனிடம் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வீட்டிலிருந்தே கணினி நிரல் எழுதிப் பிழைப்பு நடத்துகிறேன். டீக்கடையிலோ கல்யாண வீட்டிலோ எண்ணிக்கை பற்றி ஏதாவது பேச்சு வந்தால் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அதனால் ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், பெங்களூரில் இருக்கும் டீம் ஆட்கள் இன்னொரு பக்கம் என்று ஒரே கேள்விகளைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். பதில்களை இங்கே போட்டு வைக்கிறேன், இனி கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிடலாம்.

நீங்கள் எல்லாம் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறீர்களாமே, ஐந்து தேங்காய் இருந்தால் நான்கு என்பீர்களா?

இல்லை, ஐந்து என்றுதான் சொல்வோம், காசும் ஐந்துக்குத்தான் கொடுப்போம். எத்தனை இருக்கிறது என்பது வேறு, ஒவ்வொன்றுக்கும் என்ன நம்பர் ஒட்டுகிறோம் என்பது வேறு. நாங்கள் பூஜ்ஜியத்தில் தொடங்குவது நம்பர் ஒட்டும்போதுதான். கணினியின் நினைவகத்தில் ஒரு வரிசையை வைத்தால், ஒரு பொருளின் நம்பர் என்பது வரிசையின் தலையிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான். முதல் பொருள் தள்ளியே இல்லை, ஆகவே அது 0. மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967-இல் செய்த பிசிபிஎல் என்ற மொழியில் இருந்த இந்தப் பழக்கம் அதன் வழியாக சி மொழிக்கு வந்து, அங்கிருந்து ஜாவா, பைத்தான் என்று பரவிவிட்டது. ஃபோர்ட்ரான், ஆர், லுவா போன்றவை இன்றும் சமர்த்தாக 1-இல் தொடங்குகின்றன. 1982-இல் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் இதற்கென்றே ஒரு குட்டிக் கட்டுரை எழுதி, 0-இல் தொடங்கி N என்ற எண்ணுக்கு முன்னால் நிறுத்தினால், அந்த N-இலிருந்து தொடக்கத்தைக் கழித்த உடனே எண்ணிக்கை கிடைத்துவிடும், ஒன்றைக் கூட்ட வேண்டிய தொல்லை இல்லை என்று வாதாடினார். எனக்கு அந்த வாதம் போதும்.

நம்ப முடியாதவர்கள் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஏதாவது லாட்ஜுக்குப் போய் "முதல் மாடி" ரூம் கேளுங்கள், ஒரு படிக்கட்டு ஏறியாக வேண்டும். தரைத்தளம் நமக்கு 0. அமெரிக்காவில் தரையே முதல் தளம். ஆக, நிரலே எழுதாத நம்மூர் லாட்ஜ் மேனேஜர் சி மொழிக்காரர், அமெரிக்கர்கள்தான் ஃபோர்ட்ரான்.

களத்தில் நெல் அளக்கும்போது "லாபம்" என்று தொடங்குகிறார்களே, அது உங்கள் பூஜ்ஜியமா?

இதைக் கேட்காத ஆள் இல்லை. பூஜ்ஜியம் இல்லை, அது ஒன்றுதான். மரக்காலில் முதல் தடவை அள்ளிப் போடும்போது "ஒன்று" என்பதற்குப் பதில் "லாபம்" என்பார்கள், அடுத்தது "ரெண்டு", அப்புறம் "மூணு". ஆகவே லாபம் முடிந்ததும் கையில் ஒரு மரக்கால் நெல் இருக்கிறது. முதல் எண்ணுக்கு மட்டும் பெயர் மாற்றி வைத்திருக்கிறோம், வேறெதுவும் மாறவில்லை.

அதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. அளக்கிறவர் அந்த எண்ணை ஒரு முறை சொல்லிவிட்டு நிறுத்துவதில்லை, அள்ளி, தலைதட்டி, கொட்டி முடிக்கும் வரை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். கணக்கு அவர் தலைக்குள் மட்டும் இல்லாமல் களத்தில் நிற்கும் எல்லார் காதிலும் ஓடுகிறது. யாராவது நடுவில் பேச்சுக் கொடுத்தாலும் எண் தொலையாது, ஏமாற்றுவதும் கஷ்டம். எங்கள் வேலையில் இதற்கு லாக் எழுதுவது என்று பெயர் வைத்து, அதற்குத் தனியாக மென்பொருள் வாங்கி, மாதா மாதம் பணம் கட்டுகிறோம்.

நூறு அடி வரப்பு, இருபத்தைந்து அடிக்கு ஒரு தென்னை. நான்கு கன்று வாங்கினால் போதுமா?

போதாது, ஐந்து வேண்டும். 0, 25, 50, 75, 100 என்று ஐந்து இடம். இடைவெளிதான் நான்கு. நிரல் எழுதுகிறவர்களின் மிகப் பிரபலமான பிழை இதுதான், வேலிக்கால் பிழை என்று சொல்லலாம். வேலிக்குக் கால் ஊன்றும்போது இடைவெளியை எண்ணிக் காலை வாங்கினால் ஒன்று குறையும்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு எல்லா இடத்திலும் ஒன்றைக் கூட்டிக்கொண்டு திரிகிறார்கள் பாருங்கள், அது இன்னும் மோசம். அதே தென்னையை, பக்கத்துக்கு நூறு அடி உள்ள சதுரக் குளத்தைச் சுற்றி வையுங்கள். சுற்றளவு 400 அடி, இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் சரியாக 16 கன்று. கூட ஒன்று வாங்கினால் அது வீட்டுக் கொல்லைக்குத்தான். ஏனென்றால் சுற்றி வரும்போது கடைசி மரமும் முதல் மரமும் ஒரே மரம். அதே சமயம் ஒரு கரைக்கு எத்தனை மரம் என்று தனித்தனியாகக் கேட்டால் ஐந்து, நாலு கரைக்கு இருபது என்று கணக்கு வரும், மூலை மரங்களை இரண்டு தடவை எண்ணியிருப்பீர்கள். இன்னொரு வகையும் உண்டு. வரப்பின் இரண்டு முனையிலும் ஏற்கெனவே அடுத்தவர் மரம் நிற்கிறது என்றால் நமக்கு மூன்றே போதும். ஒரே நூறு அடிக்கு மூன்று, நான்கு, ஐந்து என எதுவும் சரியான விடையாக இருக்கலாம். கூட்டல் கழித்தலில் யாரும் தப்புவதில்லை, ஓரத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பேசிக்கொள்ளாததுதான் தகராறு. இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகளுக்கு இதேதான் பதில்.

கோயில் பிரகாரம் ஒன்பது சுற்று என்று வேண்டிக்கொண்டால் எட்டா ஒன்பதா என்று குழம்பிவிடுகிறதே?

சுற்று தொடங்கும்போது "ஒன்று" என்று சொல்கிறீர்களா, முடிந்து கொடிமரத்துக்கு வந்ததும் சொல்கிறீர்களா என்று முடிவு செய்துகொள்ளாததால் வருவது. பாட்டிமார்கள் கண்டுபிடித்த வழியே உத்தமம்: ஒன்பது புளியங்கொட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒன்றைப் போட்டுவிட வேண்டும். கை காலியானால் வேண்டுதல் முடிந்தது. ஏறுமுகமாக எண்ணுவதைவிட இறங்குமுகமாக எண்ணுவதில் பிழை குறைவு. முடிவை நினைவில் வைத்துக்கொள்ளவே வேண்டியதில்லை, முடிவு எப்போதும் 0.

ஆடுதுறை எத்தனாவது ஸ்டேஷன்?

கும்பகோணத்தில் பாசஞ்சர் ஏறினால் திருநாகேஸ்வரம், திருவிடைமருதூர், அப்புறம் ஆடுதுறை. ஏறின ஸ்டேஷனை 0 என்று வைத்தால் மூன்று. "கும்பகோணத்தையும் சேர்த்துச் சொன்னேன், நாலு" என்று சாதிக்கிற மாமாக்கள் உண்டு. தூங்குகிற ஆளுக்கு எண் சொல்லாமல் ஊர்ப் பெயர் சொல்லுங்கள்.

"எட்டு நாளில் முடித்துத் தருகிறேன்" என்றால் ஒரு வாரமா, ஒரு வாரமும் ஒரு நாளுமா?

ஒரு வாரம். திங்கட்கிழமை பேசினால் அந்தத் திங்களையும் சேர்த்து எண்ணி அடுத்த திங்கள் எட்டாம் நாள். அதே கணக்கில் இரண்டு வாரம் பதினைந்து நாள். இப்படி இரு முனையையும் சேர்த்து எண்ணுவது நம் பழக்கம் மட்டும் இல்லை, பிரெஞ்சுக்காரர்களும் வாரத்தை எட்டு நாள் என்றும் இரண்டு வாரத்தைப் பதினைந்து நாள் என்றும்தான் பேச்சில் சொல்கிறார்கள். காரைக்காலில் அவர்கள் இருந்தவரை இந்த விஷயத்திலாவது இரு தரப்புக்கும் சண்டை வந்திருக்காது. பெங்களூர் டீமுக்கு மட்டும் "எட்டு நாள்" என்று எழுதாதீர்கள், தேதியைப் போட்டுவிடுங்கள்.

வயதுக்கும் இதே கதைதான். ஆனால் அங்கே நம் ஆட்கள் உஷாராக இரண்டு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். பையனுக்கு "ஏழு முடிந்தது" என்றாலும் "எட்டு நடக்கிறது" என்றாலும் ஒரே வயது. ஸ்கூல் ஃபாரத்தில் ஒரே ஒரு கட்டத்தைக் கொடுத்து "வயது" என்று கேட்கிறவர்கள்தான் குழப்புகிறார்கள். திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிறவர்களும் அறுபது முடிந்து அறுபத்தொன்று நடக்கத் தொடங்கும்போதுதான் போகிறார்கள்.

ராஜராஜன் கல்வெட்டிலேயே உங்கள் ஒன்று கூடுதல், ஒன்று குறைச்சல் பிரச்சினை உண்டாமே?

உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்குச் செப்புக் குடம் கொடுத்த நாளைக் கல்வெட்டு "இருபத்தைந்தாம் ஆட்சியாண்டு, 275-ஆம் நாள்" என்று குறிக்கிறது. மாதம், தேதி எல்லாம் கிடையாது, மன்னன் பட்டத்துக்கு வந்ததிலிருந்து எத்தனாவது ஆண்டு, அதில் எத்தனாவது நாள் என்ற இரண்டே எண்கள். கணினிகள் 1970 ஜனவரி 1-ஐத் தொடக்கமாக வைத்து விநாடிகளை எண்ணிக்கொண்டே போகிறதே, அதே யோசனை, தொடக்கம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

சரி, ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-இன் நடுவில். 985-உடன் 25-ஐக் கூட்டினால் 1010, அதன் மேல் 275 நாள் போனால் 1011 ஆகிவிடும், தப்பு. பட்டமேற்ற நாளிலிருந்தே முதலாம் ஆண்டு ஓடத் தொடங்குகிறது, ஆகவே இருபத்தைந்தாம் ஆண்டு பிறந்தது 1009-இல், 275 நாள் கழித்து 1010. "இருபத்தைந்து நடக்கிறது" என்று படித்தால் சரியாக வந்துவிடும். அரசர்களின் ஆண்டை 1-இலிருந்து எண்ணியிருக்கிறார்கள், 0-இலிருந்து அல்ல. இதை வைத்து டைக்ஸ்ட்ராவோடு யாரும் சண்டைக்குப் போக வேண்டாம்.

2038-இல் என்ன ஆகும்?

அந்த விநாடி எண்ணிக்கையைப் பழைய நிரல்கள் 32 பிட் கட்டத்தில், அதாவது 0 அல்லது 1 மட்டும் அடங்கும் 32 இடங்களில், வைத்திருக்கின்றன. அதில் அடங்கும் பெரிய எண் 2,14,74,83,647. அது நிறைவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு. அடுத்த விநாடி, திருத்தாமல் விட்ட கருவிகள் 1901 டிசம்பருக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். பொங்கல் முடிந்து எல்லாரும் வேலைக்குத் திரும்பின நேரம். 64 பிட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது, பெரும்பாலான இடங்களில் மாற்றியும் விட்டார்கள்.

இந்தச் சுற்றி வருகிற வியாதி நமக்குப் புதிதில்லை. பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருடப் பெயர், முடிந்ததும் மறுபடி பிரபவ. தாத்தா நோட்டில் "விசுவாவசு வருஷம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1965-இல் தொடங்கியதா 2025-இல் தொடங்கியதா என்று பேப்பரின் நிறத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பெயர் வேண்டுமென்றால் ஆங்கில வருடத்திலிருந்து 1987-ஐக் கழித்து, 60-ஆல் வகுத்து, மீதியைப் பாருங்கள். 0 வந்தால் பிரபவ.

மகாமகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை. நிரலில் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டினால் போதுமா?

2004, 2016, அடுத்து 2028. ஆனால் மாசி மகத்தன்று குரு சிம்ம ராசியில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி, பன்னிரண்டு என்பது அதன் தோராயம். வியாழன் சூரியனைச் சுற்ற 11.86 வருடம் ஆகிறது, ஒரு சுற்றுக்கு 0.14 வருடம் மிச்சம், ஏழு சுற்றில் கிட்டத்தட்ட ஒரு வருடம். கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு நாள் குளத்தில் நீங்கள் மட்டும் தனியாக நிற்பீர்கள்.

பைனரி எல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு, நம் மரக்காலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பைனரி என்றால் 0, 1 என்ற இரண்டே குறிகளை வைத்து, இடத்துக்கு இடம் இரட்டித்துக்கொண்டே போகிற எண்முறை. யார் கண்டுபிடிப்பு என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. ஆனால் பழைய முகத்தல் வாய்பாட்டை எடுத்துப் பாருங்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. இரண்டு உழக்கு ஒரு உரி. இரண்டு உரி ஒரு நாழி, அதாவது படி. எட்டு நாழி ஒரு குறுணி, அதுதான் மரக்கால். இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி. இரண்டு, இரண்டு, இரண்டு, எட்டு, இரண்டு, இரண்டு. பெருக்கினால் ஒரு தூணிக்கு 256 ஆழாக்கு! ஒரு பைட்டில், அதாவது எட்டு பிட்டில், அடங்கும் மதிப்புகளும் 256. இதைக் கண்டுபிடித்த அன்று டீம் ஆட்களுக்கு ஃபோன் போட்டே சொன்னேன், ஒருவரும் அசரவில்லை.

இரண்டிரண்டாகப் போனதற்கு எனக்குத் தோன்றுகிற காரணம் எளிது. ஒரு குவியலைச் சரிபாதியாகப் பிரிப்பது தராசு இல்லாமலே நடக்கும், இரண்டு பேரும் பார்த்து "சரி" என்று சொல்லிவிடலாம். பத்தாகப் பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம். ஆனால் கடைசியில் யாரோ புகுந்து மூன்று தூணி ஒரு கலம் என்று வைத்துவிட்டார்கள். அதனால் கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால், 96 நாழி. பன்னிரண்டு என்றால் மூன்று பேருக்கும் பங்கு போடலாம், நான்கு பேருக்கும் போடலாம். குத்தகைக் கணக்கு அப்படித்தான் கேட்கும், பைனரி அழகாக இருக்க வேண்டும் என்று யார் கவலைப்பட்டார்கள்.

கணினியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறதாமே? காலும் அரையும் தெரிந்த பிள்ளைக்கு இது தேவையா?

நல்ல கேள்வி, ஏனென்றால் காலும் அரையும் கணினிக்கும் நன்றாகத் தெரியும். அரை, கால், அரைக்கால், வீசம், அதாவது 1/2, 1/4, 1/8, 1/16 எல்லாம் பாதி பாதியாக வெட்டி வந்தவை, பைனரியில் துளி பிசகாமல் அடங்கும். முக்காலோடு வீசத்தைக் கூட்டினாலும் விடை கச்சிதம். பத்தில் ஒன்றுதான் தொல்லை. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று முடிவில்லாமல் எழுதுவதைப் போல பத்தில் ஒன்றைக் கணினி பைனரியில் முடிவில்லாமல் எழுத வேண்டியிருக்கிறது, இடம் தீர்ந்ததும் வெட்டிவிடுகிறது. அந்த வெட்டின் மிச்சம்தான் கடைசியில் தெரியும் 4.

நம் கணக்கிலும் ஐந்து புகுந்த இடங்கள் உண்டு. மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இவை எதுவும் பைனரியில் சரியாக அடங்காது. நிலத்துக்கு இந்தப் பக்கம் இன்றைக்கும் அந்தக் கணக்குதான்: இருபது மா ஒரு வேலி, ஒரு மாவுக்கு நூறு குழி, ஏறத்தாழ 33 சென்ட். வேலியில் இருபதில் ஒன்று என்பதால்தான் அது மா. அப்படியானால் பழைய கணக்குப்பிள்ளைகள் தசமப் புள்ளி இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள்? முந்திரியை 1 என்று வைத்துப் பாருங்கள். காணி 4, மா 16, வீசம் 20, கால் 80, அரை 160, முக்கால் 240, முழுசு 320. பின்னமே காணோம், எல்லாம் முழு எண். அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் கீழ்முந்திரி என்று முந்திரியையும் 320 கூறு போட்டு வைத்திருக்கிறார்கள், அது 1,02,400-இல் ஒன்று. வங்கி மென்பொருள் எழுத வருகிற புதுப் பையன்களுக்கு நாங்கள் சொல்லும் முதல் புத்திமதியும் இதேதான்: ரூபாயைப் புள்ளி வைத்துச் சேமிக்காதே, பைசாவாக மாற்றி முழு எண்ணாக வை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இதைச் சொல்லவே தேவைப்பட்டிருக்காது, அவனுக்குக் கிடைத்த அடிகளை மட்டும் மறந்துவிட்டால் நல்ல முறைதான்.

அந்தப் பின்னக் குறிகளெல்லாம் 2019-இல், எழுத்துகளுக்குக் கணினியில் நம்பர் ஒதுக்கும் யூனிகோடில் ஏறிவிட்டன. தமிழ் எண்களில் பூஜ்ஜியத்துக்கு 2005-இலேயே இடம் கிடைத்தது, அதுவரை ௧ முதல் ௯ வரை, அப்புறம் ௰, ௱, ௲ என்றுதான் ஓடியது. நாங்கள் பூஜ்ஜியத்தை ரொம்பக் கொண்டாடுகிறோம் என்று குறை சொல்கிறவர்களுக்கு இது ஒரு ஆறுதல்.

64 ஜிபி பென் டிரைவ் வாங்கினால் 59.6 என்று காட்டுகிறது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா?

இல்லை. விற்கிறவருக்கு ஒரு ஜிபி என்பது நூறு கோடி பைட். விண்டோஸுக்கு அது 1024-ஐ மூன்று முறை பெருக்கிய 107 கோடிச் சொச்சம். பொருள் ஒன்றுதான், மரக்கால்தான் இரண்டு. பெயர் ஒன்றாக இருந்து அளவு வேறாக இருந்தால் எப்போதுமே வம்பு. நெல் வியாபாரத்தில் "மூட்டை" என்று சொல்லிப் பாருங்கள், கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ, வெளியே பேசும்போது 60 கிலோ. பூ வாங்கும்போது முழம் என்றால் பூக்காரம்மாவின் கை நீளத்தைப் பொறுத்தது. சி மொழியில் முழு எண்ணின் அளவும் அந்த மாதிரிதான், இயந்திரத்துக்கு இயந்திரம் மாறலாம் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெரிய கோயில் கல்வெட்டு இதில் கறாரானது. நெல்லை எந்த மரக்காலால் அளப்பது என்பதையும் சேர்த்தே வெட்டியிருக்கிறது: "ஆடவல்லான்" என்ற மரக்கால், அது "ராஜகேசரி" என்ற மரக்காலுக்குச் சமம். பென் டிரைவ் அட்டையில் இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

தாயத்தில் இரண்டு கட்டையும் பூஜ்ஜியம் விழுந்தால் எப்படிப் பன்னிரண்டு?

வெண்கலத் தாயக்கட்டைக்கு நான்கு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்றுமில்லாதது. இரண்டையும் உருட்டிக் கூட்டுவது வழக்கம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் கூட்டுத்தொகை 0, 0-க்குக் காயை நகர்த்த முடியாது, அதற்குப் பதில் அதிக மதிப்பான 12-ஐத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். இதேபோல் கை காட்டுகிற இன்னொரு சாமான் சுவர்க் கடிகாரம். 0 மணிக்கு அது 12 என்கிறது. இதனால்தான் நள்ளிரவு 12:10 ரயிலுக்கு ஒரு நாள் முந்தைய தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு ஜங்ஷனில் முழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரயில்வே 00:10 என்றுதான் போடுகிறது, "இன்னிக்கு ராத்திரி" என்பது நம் வாய். வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிற 00:10 வண்டிக்கு டிக்கெட் சனிக்கிழமைத் தேதியில் இருக்க வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் ஜனவரி ஏன் 0, தேதி மட்டும் ஏன் 1?

சி மொழியிலிருந்து வந்த பழக்கம். மாதத்துக்குப் பெயர் உண்டு, பெயர்ப் பட்டியலில் தேடுவதற்கு 0 வசதி. தேதிக்குப் பெயர் கிடையாது, அப்படியே அச்சிடலாம். இதற்குமேல் இதில் நியாயம் எதுவும் தேடாதீர்கள்.

அரை மணிக்கு ஒரு பஸ் என்கிறார்கள், நான் நிற்கும்போது மட்டும் ஏன் எப்போதும் லேட்?

ராசி இல்லை, கணக்கு. மயிலாடுதுறை ரோட்டில் பஸ்கள் 10 நிமிடம், 50 நிமிடம் என்று மாறி மாறி வருவதாக வைத்துக்கொள்வோம். சராசரி இடைவெளி 30 நிமிடம்தான், போர்டில் எழுதியது பொய்யில்லை. ஆனால் நீங்கள் ஏதோ ஒரு நேரத்தில் போய் நின்றால், அறுபது நிமிடத்தில் ஐம்பது நிமிடம் அந்த நீள இடைவெளிக்குச் சொந்தம், ஆகவே ஆறில் ஐந்து தடவை அதில்தான் மாட்டுவீர்கள். சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம் என்று எதிர்பார்ப்பீர்கள், உண்மையில் 21 நிமிடம் 40 விநாடி வருகிறது.

அப்புறம் ஏன் இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வருகிறது என்றால், முன்னால் போகும் பஸ் கொஞ்சம் தாமதித்தால் ஸ்டாப்பில் கூட்டம் கூடிவிடும், ஏற்றி இறக்க இன்னும் நேரம் ஆகும். பின்னால் வருவதற்குக் கூட்டமே இருக்காது, பறந்து வந்து பிடித்துவிடும். முன்னது நிரம்பி வழியும், பின்னது காலி. படிக்கட்டில் தொங்காமல் பின்னால் வருவதில் ஏறுங்கள். முன்னதில் உட்கார்ந்த ஐம்பது பேரில் இரண்டு பேருக்காவது ஒரே பிறந்த நாளாக இருக்க நூற்றுக்கு 97 வாய்ப்பு. இருபத்துமூன்று பேர் இருந்தாலே பாதிக்குமேல். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வசதியாகப் போட்ட தேதிகளையும் கணக்கில் எடுத்தால் இன்னும் கூடும்.

மேட்டூரில் விநாடிக்கு இத்தனை கன அடி திறந்தார்கள் என்கிறார்கள், அது எத்தனை டிஎம்சி?

ஜூன் 12 நெருங்கினால் இந்தக் கேள்விதான் டீக்கடையில் ஓடும். ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி, எங்கள் ஆட்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும் எண் இது. ஆகவே விநாடிக்கு 10,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் 0.864 டிஎம்சி. ஒரு முழு டிஎம்சிக்கு 11,574 கன அடி. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பேப்பரில் வரும் எந்தச் செய்தியையும் அளந்துவிடலாம். அணை 120 அடிக்கு நிரம்பினால் 93.47 டிஎம்சி, தண்ணீர் வரத்தே இல்லாமல் 20,000 வீதம் திறந்துகொண்டே போனால் காகிதக் கணக்கில் 54 நாளில் தரை தட்டும். 110 நாள் குறுவைக்கு அது பாதிதான், மீதிக்கு மழையும் கர்நாடகமும். முறைப்பாசனம் ஏன் வைக்கிறார்கள் என்று அப்போது புரியும்.

சதுரங்கக் கட்டத்தில் ஒன்று, இரண்டு, நான்கு என்று நெல் வைக்கிற கதையை நம்மூர் அளவில் சொல்ல முடியுமா?

முடியும். பழைய வாய்பாட்டில் 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஒரு ஆழாக்கு, ஆகவே ஒரு படிக்கு 14,400 நெல், ஒரு கலத்துக்கு 13,82,400. முதல் கட்டத்தில் ஒன்று வைத்து இரட்டித்துக்கொண்டே போனால் வைத்ததெல்லாம் சேர்ந்து பதினான்காம் கட்டத்தில் ஒரு படியைத் தாண்டுகிறது, இருபத்தொன்றாம் கட்டத்தில் ஒரு கலத்தைத் தாண்டுகிறது. அதுவரை ராஜா சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பார். அறுபத்து நான்கும் முடியும்போது மொத்தம் சுமார் 13 லட்சம் கோடி கலம்.

விரலால் எத்தனை வரை எண்ணலாம்?

பைனரியில் பத்து விரலுக்கு 1023 வரை. ஆனால் 4 வரும்போது நடுவிரல் மட்டும் தனியாக நிமிரும், பெரியவர்கள் முன்னால் வேண்டாம். கட்டை விரலால் மற்ற நான்கு விரலின் கணுக்களைத் தொட்டு எண்ணினால் ஒரு கைக்கு 12, அடுத்த கையில் பன்னிரண்டுகளை எண்ணினால் 144. தினசரிக்கு அது போதும்.

மொய் ஏன் 500 இல்லாமல் 501? நிரல் எழுதுகிறவன் என்ன எழுத வேண்டும்?

முழுத் தொகை என்றால் கணக்கு முடிந்ததாக ஆகிவிடும், ஒன்று கூட இருந்தால் உறவு தொடரும் என்பார்கள். தெரிந்தே போடுகிற ஒரே ஒன்று கூடுதல் இதுதான். முன்பு அந்த ஒரு ரூபாய்க்குச் சில்லறை தேட வேண்டும், அல்லது காசு ஒட்டிய கவர் வாங்க வேண்டும், இப்போது ஜிபேயில் எந்த எண்ணையும் தட்டலாம். எங்கள் ஆட்களில் சிலர் ஆசையாக 512 அனுப்புகிறார்கள், இரட்டைப்படை, மொய் நோட்டு எழுதும் சித்தப்பா முகம் சுளிக்கிறார். 511 அனுப்புங்கள். ஒற்றைப்படை, ஒன்றில் முடிகிறது, அவருக்குத் திருப்தி. பைனரியில் எழுதினால் 111111111, நமக்கும் திருப்தி.